ஊருணிக்கு வேலி வேண்டாம், படித்துறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசி பிறந்தால் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. கண்மாயில் குளிக்கச் சென்ற சிறுவர்கள் பலி, குவாரிக் குட்டையில் மூழ்கி மாணவன் பலி, தம்பியைக் காப்பாற்றப் போன அக்காவும் பலி. ஊர்ப் பெயரும் வயதும்தான் மாறுகின்றன. அடுத்த சில நாளில் அந்தத் தண்ணீரைச் சுற்றிக் கம்பி வேலி, "இங்கு குளிக்கக் கூடாது" என்று ஒரு பலகை, அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோகிறது. இந்த வேலியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் காரைக்குடி பக்கத்துக்காரி, அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சீமையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு எல்லாம் மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். அதனால்தான் பெரியவர்கள் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தார்கள். குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று, ஆடு மாடு இறங்க ஒன்று. நாலு பக்கமும் செம்புறாங்கல் வைத்துக் கட்டி, வரத்துக்கால் எடுத்து, நிறைந்தால் வழிந்து அடுத்ததற்குப் போக வழி வைத்து, எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தில் நகரத்தார் கட்டிய வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அந்த வீடுகளின் ஓட்டில் விழுந்த மழை தெரு ஓடை வழியாக ஊருணியில் போய்ச் சேரும்படி ஊரையே வாட்டம் பார்த்து அமைத்தார்களே, அதைக் கூட்டிப்போய்க் காட்டுகிறவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது 2003ல். எங்கள் ஊர்களில் அதற்கு வெகு காலம் முன்பே அது வழக்கம்.

நான் நீந்தக் கற்றுக்கொண்டது அப்படி ஓர் ஊருணியில்தான். அப்பத்தா கடைசிப் படியில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டே ஒரு கண்ணை எங்கள் மேல் வைத்திருப்பார்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் விடுவார்கள், கொஞ்ச நாளில் குடுக்கை அவிழ்ந்துபோனதுகூடத் தெரியாமல் நீந்திக்கொண்டிருப்போம். பெண்களுக்கு ஒரு படித்துறை, ஆண்களுக்கு ஒரு படித்துறை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தக் காலத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் எல்லா ஊருணியிலும் இறங்கிவிட முடியாது. அது பெரிய அநியாயம். ஆகவே பழைய காலம் திரும்ப வரட்டும் என்று நான் கேட்கவில்லை, ஊருணி திரும்ப வரட்டும், இந்த முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று கேட்கிறேன்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், சீரமைப்பு என்ற பெயரில் பணம் வருகிறது, வேலையும் நடக்கிறது, ஆனால் தண்ணீரில் கை படாமலே எல்லாம் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஊருணியைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். கரையைச் சுற்றிப் பேவர் பிளாக் பதித்து நடைபாதை போட்டார்கள். எல்இடி விளக்கு, சிமென்ட் பெஞ்ச், நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்தார்கள். அப்புறம் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. பழைய படித்துறை அந்த வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது, கதவில் பூட்டு. ஆனால் கிழக்கு மூலையில் தெருச் சாக்கடை வந்து விழுகிற குழாய் இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லை. அந்த மூலையில் தண்ணீர் சாம்பல் நிறத்தில், மேலே சோப்பு நுரையோடு நிற்கிறது, அங்கே மட்டும் ஆகாயத்தாமரை இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குக் கொழுத்துக் கிடக்கிறது. காலையில் நடக்கிறவர்கள் அந்த இடம் வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகத் தாண்டுகிறார்கள். வேலியின் பின்பக்கம் ஒரு கம்பி வளைந்திருக்கிறது. ஒரு பையன் பக்கவாட்டில் நுழைந்து போகிற அளவுக்கு, சரியாக.

பையன்களை வெயில் காலத்தில் தண்ணீரிடமிருந்து தடுக்க முடியாது. இங்கே விடவில்லை என்றால் கண்மாய்க்குப் போவான், இல்லை குவாரிக்குப் போவான். கண்மாயில் என்ன ஆபத்து என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சவுடு மண், கிராவல் என்று உள்ளே ஜேசிபி விட்டு அள்ளியிருப்பார்கள், மழை வந்து தண்ணீர் நிறைந்துவிட்டால் பள்ளம் எது மேடு எது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய்விடுவான், ஏறலாம் என்றால் பள்ளத்தின் ஓரம் வழுவழுவென்று களிமண், பிடிப்பதற்கு ஒரு வேர்கூட இருக்காது. குவாரிக் குட்டை இன்னும் மோசம், அங்கே கரையே கிடையாது, பாறையிலிருந்து நேரே ஆழம்தான். கைக்கெட்டும் தூரத்தில் நாலடித் தண்ணீரில் படிக்கட்டோடு இருக்கிற ஊருணியைப் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளை இந்தப் பள்ளங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதை எழுதவேண்டும் என்று எனக்கு வேகம் வந்தது ஆஸ்திரியா நாட்டுத் தலைநகர் வியன்னாவில். மகளும் மாப்பிள்ளையும் அங்கே வேலை பார்க்கிறார்கள், பேத்திக்கு லீவு என்று கோடையில் கூப்பிட்டிருந்தார்கள். வியன்னா என்றால் அரண்மனை, சங்கீதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஊரின் நட்டநடுவே இருக்கிற ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பக்கத்தில் மெட்ரோ ஏறி, ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கினோம். ஸ்டேஷனே டான்யூப் ஆற்றுப் பாலத்தோடு சேர்ந்தாற்போல இருக்கிறது, பேரும் "டான்யூப் தீவு"தான். படி இறங்கினால் புல்தரை, மரம், தண்ணீர். டிக்கெட் இல்லை, கேட் இல்லை, வேலி இல்லை.

21 கிலோமீட்டர் நீளத் தீவு அது. அகலம் அதிகமில்லை, கூடினால் 200 மீட்டர் சொச்சம் இருக்கும். ஒரு பக்கம் டான்யூப், அதில் கப்பல் போகிறது, இழுப்பு பலமாக இருக்கும், அதில் யாரும் குளிப்பதில்லை. மறுபக்கம் "புதிய டான்யூப்" என்கிற கால்வாய், அதில் தண்ணீர் ஏரி மாதிரி அசையாமல் நிற்கிறது. குளியல் எல்லாம் அந்தப் பக்கம்தான். கரையில் சில இடத்தில் கூழாங்கல், சில இடத்தில் புல், சில இடத்தில் மரப்பலகையால் மேடை போட்டுத் தண்ணீரில் இறங்க ஏணி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆழம் குறைவாகத் தனி இடம். கழிப்பறை உண்டு, குடிதண்ணீர்க் குழாய் உண்டு, அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருவது, சில்லென்று இருக்கும். சைக்கிளுக்கு நீளப் பாதை. கறி சுட்டுச் சாப்பிட முன்பதிவு செய்துகொள்கிற அடுப்பு மேடைகூட இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு துருக்கிக் குடும்பம், பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் புளியோதரை அங்கே போனது, அவர்கள் சுட்ட கத்தரிக்காய் இங்கே வந்தது.

அந்தக் குடும்பத்துப் பெண்கள் உடம்பை முழுக்க மூடிய உடையில் நீந்தினார்கள். வேறு சிலர் நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத உடையில் நீந்தினார்கள். நான் சுடிதாரோடு இறங்கினேன். "ஆயா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா!" என்று பேத்தி கூச்சல் போட்டாள். ஒருவர்கூடத் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்துத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தேன், காது தண்ணீருக்குள் இருக்க, ரயில் பாலத்தில் போகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களுக்கு, ஏன், பதினைந்து வயதுப் பெண்ணுக்குக்கூட இது எங்கே கிடைக்கிறது? பையன்களாவது வளைந்த கம்பிக்குள் நுழைந்து போய்விடுகிறார்கள்.

சரி, இது இயற்கை கொடுத்த தீவு, அவர்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. மாப்பிள்ளை விவரமாகச் சொன்னார், அப்புறம் நானும் தேடிப் படித்தேன். 1954ல் டான்யூப்பில் பெரிய வெள்ளம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு, இனி வெள்ளத்தில் ஊர் முழுகக் கூடாது என்று முடிவு செய்து, ஆற்றுக்குப் பக்கத்திலேயே வெள்ள வடிகாலாக இன்னோர் ஆறு வெட்டினார்கள். 1972ல் ஆரம்பித்து 1988ல் முடித்தார்கள். தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது? இரண்டு ஆற்றுக்கும் நடுவில் கொட்டினார்கள், அதுதான் தீவு. நீட்டமாக ஒல்லியாக இருப்பதால் "ஸ்பகெட்டி தீவு" என்று அப்போது கேலி பேசினவர்களும் உண்டு. கேலி நின்றுபோய்விட்டது, தீவு இருக்கிறது. 1984 முதல் அங்கே நடக்கிற மூன்று நாள் இசை விழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது, அதற்கும் டிக்கெட் கிடையாது.

கால்வாயின் தலைப்பில் ஷட்டர் வைத்திருக்கிறார்கள், கீழேயும் குறுக்கே தடுப்பணைகள் உண்டு. சாதாரண நாளில் ஷட்டர் மூடியிருக்கும், அதனால்தான் தண்ணீர் ஏரி போல நிற்கிறது. டான்யூப்பில் வெள்ளம் ஏறினால் திறந்துவிடுவார்கள், ஊருக்குள் வரவேண்டிய தண்ணீர் இதில் பிரிந்து போய்விடும். அப்போது குளிக்கத் தடை. வெள்ளம் வடிந்ததும் வண்டலை வாரிச் சுத்தம் செய்து மறுபடியும் விடுகிறார்கள். டான்யூப்பும் இந்தக் கால்வாயும் சேர்ந்து வினாடிக்கு 14,000 கனமீட்டர் வரை தாங்கும்படி கட்டியது. 2013 ஜூன் மாத வெள்ளத்தில் 11,000 வரை வந்தும் நகரம் பெரிய சேதமில்லாமல் தப்பித்தது. ஆக, வெள்ளத்துக்காகக் கட்டிய ஒரு வேலையை, வெள்ளம் வராத மற்ற நாளெல்லாம் ஜனங்களுக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

யோசித்துப் பார்த்தால் நமக்கு இது புதுசே இல்லை. ஸ்ரீரங்கம் என்ன? இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் ஊர். காவிரி பாசனத்துக்கு, மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்கு. முக்கொம்பில் 1836ல் மேலணை கட்டியபோதும், அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் கல்லணை கட்டியபோதும் இதே கணக்குத்தான். அம்மாமண்டபம் படித்துறையில் இன்றைக்கும் ஜனங்கள் இறங்கிக் குளிக்கிறார்கள், ஆடிப்பெருக்குக்குக் கேட்கவே வேண்டாம். அதே தமிழ்நாட்டில் சென்னைத் தீவுத்திடலும் ஆற்றுத் தீவுதான், கூவம் சுற்றி ஓடுகிறது. பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போகிறோம், ராட்டினம் சுற்றுகிறோம், ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு விரலை நனைக்க யாராவது துணிவார்களா? இரண்டும் தீவு, இரண்டும் ஊருக்கு நடுவில். ஒன்றில் சாக்கடை கலந்துவிட்டது.

வியன்னாக்காரர்கள் முதலில் பார்த்த வேலை அந்தச் சாக்கடையைத்தான். கரை ஓரமாகப் பெரிய குழாய் பதித்து, ஊர்க் கழிவுநீர் ஆற்றில் விழாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள். அந்த நிலையம் 1980ல் திறந்தது. குளிக்கிற நீரில் மலக்கிருமி எவ்வளவு என்று கோடை முழுக்கச் சோதித்துப் பார்த்து, தரம் இன்னது என்று வெளியிடுகிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குச் சட்டமே இருக்கிறது. பெஞ்சும் விளக்கும் அதற்கு அப்புறம்தான். நாம் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமலே விட்டுவிடுகிறோம். சாக்கடைக் குழாய் அடைபடாதவரை ஊருணி ஒன்றுக்கும் உதவாது, அதைச் சுற்றி எத்தனை பேவர் பிளாக் பதித்தாலும்.

அங்கே 21 கிலோமீட்டர் கரையில் ஆளுக்கொரு காவலாளி நின்றுகொண்டு இருக்கவில்லை என்பதையும் கவனித்தேன். பெரும்பாலான இடத்தில் அவரவர் பொறுப்பில்தான் இறங்குகிறார்கள். எப்படித் துணிந்து விட்டிருக்கிறார்கள் என்று கேட்டதற்கு மகள் சொன்னாள்: "ஆத்தா, இங்கே நீச்சல் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கு, தொடக்கப் பள்ளியிலேயே குளத்துக்குக் கூட்டிப்போய்க் கத்துக்கொடுத்துடுவாங்க." இத்தனை வருஷம் ஆசிரியையாக இருந்தவள் நான், வாய்பாடும் வரைபடமும் சொல்லிக்கொடுத்த என் வகுப்பிலிருந்து எத்தனை பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்திருக்கும் என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"வியன்னா பணக்கார ஊர், காரைக்குடி எங்கே, வியன்னா எங்கே?" என்று கேட்பார்கள், என் வீட்டிலேயே கேட்டார்கள். அப்படியானால் பங்களாதேஷைப் பாருங்கள். நம்மைவிட வசதியான நாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, குளத்துக்குள் அளவான ஆழத்தில் ஒரு தொட்டி போலத் தடுத்து, உள்ளூர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தருகிறார்கள். நீச்சல் குளம் கட்டவில்லை, குளோரின் வாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், தண்ணீரில் பத்திரமாக இருப்பதும், மூழ்குகிறவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. 2021ல் அறிவித்தது. அந்த நாளில் நம் பள்ளிகளில் உறுதிமொழி வாசித்தால் போதாது, பிள்ளையைத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

செட்டிநாட்டுக்கு மூங்கில்கூட வேண்டியதில்லை. படிக்கட்டு கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செய்ய வேண்டியது, ஊருக்கு ஓர் ஊருணியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் விழுகிற சாக்கடையை முழுசாகத் திருப்பிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றும்போது உள்ளே இறங்கிப் படித்துறைக்கு முன்னால் தரையைச் சமமாக்கி, பள்ளம் இருந்தால் மூடி, மணல் விரித்து, நாலடிக்கு மேல் ஆழம் போகாதபடி ஒரு பகுதியைக் கயிறும் மிதவையும் கட்டிப் பிரித்து வைக்க வேண்டும். சீமைக்கருவேலத்தை வரத்துக்காலில் வேரோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரே வந்து சேராது. மாசத்துக்கு ஒரு தடவை தண்ணீரைச் சோதித்து, முடிவைக் கரையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும், குளிக்கலாம் அல்லது குளிக்கக் கூடாது என்று. குளிக்கக் கூடாது என்கிற பலகைக்கு அப்போதுதான் மரியாதை இருக்கும். வருஷம் முழுக்கத் தொங்குகிற பலகையை எந்தப் பையன் படிக்கிறான்?

காலமும் பார்த்துச் செய்ய வேண்டும். கோடை முகாம் என்று மே மாதத்தில் வைத்தால் பாதி ஊருணியில் சேறுதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, கலங்கல் தெளிந்து, தையிலிருந்து பங்குனி வரை தண்ணீர் நன்றாக இருக்கும். அந்த மூன்று மாதமும் சனி, ஞாயிறு காலையில் வகுப்பு வைத்தால் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் பிள்ளைக்கு மிதக்கவாவது தெரிந்துவிடும். மிதக்கத் தெரிந்தாலே பாதி உயிர் பிழைத்தது. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், சொல்லிக்கொடுக்கப் பெண்களே, உடை அவரவர் இஷ்டம், வீடியோ எடுக்கிற போனுக்குக் கரையில் இடமில்லை. இதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டால் தாய்மார்கள் அனுப்புவார்கள், எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. தீயணைப்புத் துறையினர் மழைக்கு முன்னால் நீர்நிலைகளில் ஒத்திகை காட்டுகிறார்கள், காலி பாட்டிலைக் கட்டி மிதப்பது, குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வது எல்லாம். அவர்களுக்கு இது கை வந்த கலை. ஒத்திகையை வேடிக்கை பார்த்துவிட்டுக் கலையாமல், அதே பிள்ளைகளை அதே தண்ணீரில் இறக்கிப் பழக்கலாமே.

யாராவது இறந்துவிட்டால் யார் பொறுப்பு என்பதுதான் வேலி போடுகிறவர்களின் பயம். நியாயமான பயம்தான், நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் வேலி போட்ட ஊருணியில் நடக்காத சாவு இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குவாரியில் நடந்தால் அதற்கு யார் பொறுப்பு? அந்தக் கணக்கு யார் ஏட்டிலும் ஏறுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்கள் போக வர இருக்கிற, பெரியவர்கள் கண் படுகிற, நாலு பேருக்கு நீச்சல் தெரிந்த படித்துறையில் ஒரு பிள்ளை தவறினால் தூக்க ஆள் இருக்கும். பூட்டிய கதவுக்கு உள்ளே தவறினால் யார் பார்ப்பது?

நம் ஜனங்களுக்குத் தண்ணீரில் ஆசை போய்விட்டது என்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் கண்மாய் வற்றுகிற நேரத்தில் மீன்பிடித் திருவிழா வைக்கிறார்களே, போய்ப் பாருங்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்கள், ஆணும் பெண்ணும் சின்னஞ்சிறுசும், சாதி கேட்பாரில்லை, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் ஒரே ஆரவாரம். கெண்டையோ கெளுத்தியோ ஒன்றாவது கையில் இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வருஷத்தில் ஒரு நாள் இருக்கிற அந்தச் சந்தோஷம் மற்ற நாளில் பூட்டிக் கிடக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சி என்றால் பெரிய பேருந்து நிலையம், மால், மேம்பாலம் என்று எதிர்பார்ப்பு வருகிறது, வரட்டும். அதோடு, டிக்கெட் இல்லாமல் ஒரு குடும்பம் கட்டுச்சோற்றோடு போய்த் தண்ணீர்க் கரையில் சாயங்காலம் வரை இருந்துவிட்டு வருகிற ஓர் இடமும் வேண்டும். ஆற்றுத் தீவு நமக்கு வாய்க்கவில்லை. ஊருணி இருக்கிறது, அதுவும் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வீடு பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள், ஊருணிப் படியில் பிள்ளைகள் குதித்து நீந்துவதையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மூழ்கிப் பலி என்று செய்தி போடும்போது, அந்த ஊரில் குளிக்கத் தகுந்த ஊருணி இருக்கிறதா, இருந்தால் ஏன் பூட்டிக் கிடக்கிறது, சாக்கடை எந்த வழியாக வந்து விழுகிறது என்று உங்கள் செய்தியாளர் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் போய், பெஞ்ச் வேண்டாம், முதலில் அந்தக் குழாயைத் திருப்புங்கள் என்று கேளுங்கள். கோயில் கமிட்டி, ஊர்ச் சங்கம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் என்று கொடுக்க மனசுள்ளவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், கும்பாபிஷேகத்துக்குக் கேட்டால் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுப்பார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஓர் ஊருணியைச் சுத்தம் செய்து திறந்தால், தை மாதத்திலிருந்து சனிக்கிழமை காலையில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர நான் வருகிறேன். என்னோடு ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு ஆசிரியைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இருவருக்கும் நன்றாக நீந்தத் தெரியும். சம்பளம் வேண்டாம். கதவுச் சாவியை மட்டும் ஊர்ப் பொறுப்பில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காரைக்குடி.